உலகத்திலேயே ஒரே ஒரு பிச்சிர் மீன்

முத்துவிசய ராஜாவுக்கு மீன் பைத்தியம். தின்பதற்கு அல்ல, பார்ப்பதற்கு. வேறு எவரிடமும் இல்லாத மீன் தம் கண்ணாடித் தொட்டியில் நீந்த வேண்டும். அதைக் கேட்டு அக்கம்பக்கத்து ராஜாக்கள் வயிறெரிய வேண்டும். இப்படி ஒருவர் கிடைத்தால் கப்பல் வியாபாரி மருதப்பன் விடுவானா?

நைல் நதியிலிருந்து பிச்சிர் மீன் ஒன்றைக் கொண்டுவந்தான். ஒரு முழ நீளம். முதுகு நெடுகக் குட்டிக் குட்டித் துடுப்புகள். தண்ணீரை விட்டு வெளியே வந்தாலும் கொஞ்ச நேரம் உயிரோடு ஊரும். நிறைந்த சபையில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தான்.

"மகாராஜா, உலகத்திலேயே இது ஒன்றுதான்!"

ராஜா பூரித்துப் போனார். நாலாம் நாள் காலையில் தொட்டி காலி!

"நாளைச் சபைக்குள் என் மீன் வர வேண்டும். இல்லையென்றால் தொட்டிக்காரி நீலாயிக்கு ஆயுசுக்கும் சிறை!" என்று கத்தினார் ராஜா.

நீலாயி அழுதுகொண்டே விதூஷகர் அம்பலத்தாடியிடம் ஓடினாள்.

"சாமி, தட்டு போட்டு மூடித்தான் வச்சேன். அதைத் தள்ளிட்டு வடிகால் வழியா ஊர்ந்து போயிருச்சு. தரையெல்லாம் ஈரம். உலகத்துல ஒண்ணே ஒண்ணுன்னா, நான் எங்கே போய்த் தேடுவேன்?"

அம்பலத்தாடி அவளை உட்கார வைத்தார். பாவம், ஒரு தப்பும் செய்யாதவள்.

"அழாதே தாயி. அது என்ன தின்னும்?"

"மண்புழு சாமி. அதுவும் லேசுல கிடைக்காது. மருதப்பன் ஆளுங்க தினமும் கூடை கூடையா அள்ளிட்டுப் போயிடறாங்க. இன்னைக்குக்கூட வந்தாங்க."

"மீனை விற்று நாலு நாளாச்சு. இன்னும் புழு எதுக்கு, குழம்பு வைக்கிறானா?" அம்பலத்தாடி விழுந்து விழுந்து சிரித்தார். "நீ போய் முகத்தைக் கழுவு!"

ராஜாவிடம் நாலு வீரர்களைக் கேட்டு வாங்கிக்கொண்டு நேரே மருதப்பன் கப்பலுக்குப் போனார்.

மறுநாள் சபை நடுவே ஒரு பெரிய தாழி வந்து இறங்கியது. உள்ளே ஐந்து பிச்சிர் மீன்கள்! பின்னாலேயே மருதப்பன் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"ஐயோ, அதெல்லாம் என் மீன்கள்!"

"உம்முடையதா?" என்றார் அம்பலத்தாடி. "உலகத்திலேயே ஒன்றுதான் என்றீர். அந்த ஒன்று மகாராஜாவுடையது. அப்படியானால் இது மகாராஜாவின் மீன். எப்போது திருடினீர்?"

"நான் திருடவில்லை சாமி!"

"அப்படியென்றால் சத்தியம் பொய்யா?"

மருதப்பன் மனசுக்குள் கணக்குப் போட்டான். திருட்டுக்குக் கை போகும். பொய்ச் சத்தியத்துக்குத் தலையே போகும். தடாலென்று ராஜா காலில் விழுந்தான்.

"மகாராஜா, அது... தானாகவே கிளம்பி என் கப்பலுக்கு வந்துவிட்டது. பழைய பாசம்!"

"கேட்டீர்களா மகாராஜா!" என்று கைதட்டினார் அம்பலத்தாடி. "துறைமுகம் வரைக்கும் தானாகப் போகிற மீனை நீலாயி எப்படித் தடுப்பாள்? அவள்மேல் என்ன குற்றம்?"

ராஜாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. மீசைக்குள் சிரிப்பு முட்டியது.

"நீலாயி, உன்மேல் குற்றமில்லை. போய் உன் வேலையைப் பார்." அவள் கும்பிட்ட கையை இறக்கவே இல்லை. ராஜா தாழியை எட்டிப் பார்த்தார். "எல்லாம் சரி அம்பலத்தாடி. ஓடியது ஒன்று. இங்கே ஐந்து இருக்கிறதே?"

"கோபித்துக்கொண்டு தனியாகப் போன பிள்ளை, பெண்டாட்டி பிள்ளைகளோடு வீடு திரும்பியிருக்கிறது மகாராஜா. வாசலிலேயே நிற்க வைக்கலாமா? எல்லாரையும் உள்ளே அழைத்துக்கொள்ளுங்கள்!"

சபை அதிர ராஜா சிரித்தார். தோளில் இருந்த பட்டுச் சால்வையை எடுத்து அம்பலத்தாடிக்குப் போர்த்தினார். தாழியைத் தொட்டிவரை தூக்கிப்போய் ஐந்தையும் விட்டவன் மருதப்பன்தான்.