நூறு கூடை மண்

மழைக்குக் கிறுக்குப் பிடித்துச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஒரு மாதம் பெய்ய வேண்டியது ஒரே நாளில் கொட்டித் தீர்த்துவிடும். அன்றைக்கும் மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. ஏரிக்கரையை ஒரு முழம் உயர்த்தாவிட்டால் பள்ளத்தெரு மிஞ்சாது. நல்லசிவத்தின் தங்கை வீடும் அந்தத் தெருவில்தான்.

கரை உயர்த்த வீட்டுக்கு நூறு கூடை மண் என்பது அந்த ஊர் வழக்கம். பங்கு பிரித்துவிட்டவர் நல்லசிவம். ஊர் மடத்துத் துறவி அறவாழி அடிகளைவிட ஏழு வயது மூத்தவர், ஆனாலும் அவருடைய சீடர். யாருக்கும் ஒரு கூடை கூட்டவோ குறைக்கவோ இல்லை என்பதில் ஏகப் பெருமை. தராசே தன்னிடம் வந்து பாடம் கேட்க வேண்டும் என்கிற நினைப்பு.

செங்கல் சூளைக்காரர் தாண்டவராயரின் ஆட்கள் பத்து மணிக்கே நூறையும் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். தங்கையோ முப்பதாவது கூடையில் தள்ளாடிக்கொண்டிருந்தாள். கரை இன்னும் அரை முழம் ஏற வேண்டும். அதற்குள் மேற்கே பெய்த மழையில், மண் வெட்டிய ஏரிக்குள் தண்ணீர் பெருகி, வெட்ட மண்ணும் இல்லாமல் போனது.

"சாமி, சூளைக்காரரைக் கேட்டுப் பார்க்கலாமா? பணம் இருக்குங்கிறதுக்காக ஒருத்தர்கிட்ட அதிகமாக் கேட்கிறது நியாயமா?" என்றார் நல்லசிவம்.

அடிகள் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். ஊரே பின்னால் ஓடியது.

தாண்டவராயர் வீடு ஆளுயர மேட்டின் மேல் இருந்தது. எந்த வெள்ளமும் அதன் வாசற்படியை நனைத்ததில்லை. அவர் அப்பா காலத்தில் ஏரிக்கரையை வெட்டி, வண்டி வண்டியாகக் கொண்டுவந்து கொட்டிய மேடு அது. ஊருக்கே தெரியும், ஒருவரும் பேசியதில்லை.

அடிகள் அந்த மேட்டில் வெட்டினார்.

தாண்டவராயர் பதறிக்கொண்டு ஓடிவந்தார். எடுத்தது அப்பா, அதற்குத் தான் என்ன செய்ய முடியும் என்று கேட்டார்.

"மேட்டுல இருக்கிறது நீங்கதானே" என்றார் அடிகள், வெட்டுவதை நிறுத்தாமல்.

முதல் கூடை கைமாறிக் கைமாறிக் கரையை நோக்கிப் பறந்தது. நல்லசிவமும் கூடை வாங்க வந்து நின்றார். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"அவர் பங்கு நூறும் காலையிலேயே முடிஞ்சுபோச்சே, சாமி?"

அடிகள் அடுத்த கூடையை நல்லசிவத்தின் தலையில் தூக்கி வைத்தார்.

"முடிஞ்சுபோச்சுதான். நாம இப்ப எடுத்துட்டுப் போறது கரையை."