உவர் மண்ணில் நிற்கும் குட்டை நெல்

நெல்லும் புல்லும் வாய்திறந்து பேசிய அந்தக் காலத்தில், கடலோரத்தில் காத்தாயி என்றொருத்தி வயல் வைத்திருந்தாள். ஒரு புயலில் கடல் உள்ளே ஏறி வந்து போனது. தண்ணீர் வடிந்தது, உப்பு வடியவில்லை. அதன்பிறகு விதைத்ததெல்லாம் முளைத்து, நுனி கருகி, சுருண்டு விழுந்தது. மறுபடி விதைத்தாள். மறுபடி கருகியது.

அவள் புருஷன் சிங்காரு, மேற்கே மலையடிவாரத்துக்குப் போய்விடலாம் என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனான். காத்தாயிக்கு மறுத்துப் பேசக்கூடத் தெம்பில்லை. வயலில் போய் உட்கார்ந்து, சாகக் கிடந்த நாற்றிடம் உடம்புக்கு என்ன என்று கேட்டாள்.

"வேர் வாசலில் உப்பும், எனக்கு உரமான சாம்பல் சத்தும் ஒரே சாயலில் வந்து நிற்கின்றன, அக்கா," என்றது நாற்று. "எனக்கு ஆள் தெரியவில்லை. உப்பை உள்ளே விட்டுவிடுகிறேன். இருந்த சாம்பல் சத்தும் வெளியே போய்விடுகிறது. அது இல்லாமல் என்னால் நிமிர முடியவில்லை."

வரப்புக்கு அப்பால், அதே உப்புச் சேற்றில் உமரிச் செடி தளதளவென்று நின்றது. காத்தாயி அதனிடம் போனாள். தனக்குள் ஒரு காவல்காரி இருப்பதாக உமரி சொன்னது. சாம்பல் சத்தை அவள் நழுவ விடமாட்டாளாம். மீறி நுழைந்த உப்பை ஓர் ஓரத்து அறையில் அடைத்துவிடுவாளாம். அவளைப் போல ஒருத்தியை நெல்லுக்கும் தரலாம் என்றது.

"ஆனால் அவளுக்குத் தீனி போட வேண்டும். நெல் தின்பதில் பெரும்பங்கு அவளுக்கே போய்விடும். யோசித்துக்கொள்."

வீட்டில் மிச்சமிருந்தது ஒரு கைப்பிடி விதைநெல். கஞ்சிக்கென்று சிங்காரு எடுத்து வைத்திருந்தான். காத்தாயி அதை மடியில் கட்டிக்கொண்டு வந்து, காவல்காரியை ஏற்றுக்கொள்வாயா என்று நெல்லிடமே கேட்டாள்.

"ரொம்பக் களைத்துவிட்டேன், அக்கா. இதற்கு மேலும் ஒரு வேலையா?" என்றது நெல்.

"நானும்தான் களைத்துவிட்டேன்," என்றாள் அவள். "வேண்டாமென்றால் சொல், உலையில் போட்டுவிடுகிறேன்."

அதைக் கேட்டதும் நெல், "கருவைத் திறந்துவிடு," என்றது.

காத்தாயி முள் நுனியால் ஒவ்வொரு மணியின் கருவையும் கீறி, காவல்காரிக்கு வித்தாக உமரி கொடுத்த சாற்றுத் துளியை உள்ளே வைத்து, ஈர மண்ணில் ஊன்றினாள். அன்று அடுப்பு எரியவில்லை. சிங்காரு வெறும் வயிற்றோடு திரும்பிப் படுத்துக்கொண்டான்.

பயிர் கருகவில்லை. ஆனால் முழங்காலுக்கு மேல் எழவுமில்லை. சின்னச் சின்னக் கதிராக ஈன்றது. சிங்காரு ஒரு கதிரைக் கையில் ஏந்திப் பார்த்து, "இவ்வளவுதானா?" என்று கேட்டான்.

"இவ்வளவுதான்," என்றாள் காத்தாயி. இருவரும் குனிந்து அறுக்கத் தொடங்கினார்கள்.

உமரியின் காவல்காரியைக் கருவில் சுமக்கும் நெல், உப்பையும் சாம்பல் சத்தையும் ஓயாமல் பிரித்துப் பிரித்து, குட்டையாக, கொஞ்சமாக விளைந்தாலும், உவர் வயலில் பச்சை மாறாமல் நிற்பது அன்று முதல்தான்.