சாயம் ஒட்டாத இடம்

துருவுக்குக் கழிவு போடாமல் ஒரு துண்டு இரும்பு வாங்கியதாக ஐகோர்ட்துரையின் சரித்திரத்தில் கிடையாது. தராசுத் தட்டில் விழுந்த சாமானைக் கட்டைவிரலால் ஒரு சுரண்டு சுரண்டுவார். விரலில் சிவப்பு ஒட்டினால் போதும்.

"இது இரும்பு இல்லவே, மண்ணு. மண்ணுக்கு எவனாவது துட்டு குடுப்பானா?"

அப்புறம் விலையைச் சொல்வார். சொல்லிவிட்டு வாயைக் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்ப்பார். விலை சொன்ன பிறகு முதலில் வாய் திறக்கிறவன் தோற்றான் என்பது தொழிலின் அரிச்சுவடி. அதை அவருக்குச் சொல்லிக்கொடுத்தது அண்ணன் லிங்கதுரை.

தூத்துக்குடியில் பழைய இரும்புக்கடைக்காரர்கள் பலர் உண்டு. பேரத்தில் இவரை ஜெயித்தவர்கள் குறைவு. கோபத்தில் ஜெயித்தவர் ஒருவரும் இல்லை.

அப்பேர்ப்பட்டவரிடம் ஒருநாள் ஜெசிந்தா டீச்சர் வந்து நின்றார். பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுக்கிறவர். ஐகோர்ட்துரைக்கு மகள் வயசு.

"அண்ணாச்சி, எனக்குத் துரு மட்டும் வேணும். இரும்பு வேண்டாம்."

"கேலி பண்ணுதியளா?"

"இல்ல. நீங்க கழிச்சுப் போடுறதைத்தான் கேக்கேன்."

கழித்துப் போட்டதை ஓர் ஆள் தேடி வந்தால் அதில் ஏதோ சூட்சுமம் உண்டு. உதிர்ந்த துருவை டீச்சர் பை நிறைய அள்ளிக்கொண்டு போனார். ஐகோர்ட்துரைக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஏமாந்துவிட்டோம், ஆனால் எதில் ஏமாந்தோம் என்று தெரியவில்லை. கண்டுபிடித்து நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட வேண்டும் என்றே டீச்சர் வீட்டு மாடிக்கு ஏறினார்.

அங்கே ஈரத்துணிகளில் துரு தன்பாட்டுக்குப் பூத்துக்கொண்டிருந்தது. பலகைகளில் சாக்கு, தார், அறுந்த வலைத்துண்டு, உப்பு எல்லாம் ஒட்டியிருந்தன. படகு இல்லை, கடல் இல்லை, மனிதமுகம் ஒன்றுகூட இல்லை. இருந்தாலும் கால் நகர மாட்டேன் என்றது.

"இது என்னது?"

"உங்களுக்கு என்னவா இருக்கு?"

"எனக்கு எரிச்சலா இருக்கு."

"நல்லதுதான். அதுலயே ஆரம்பிக்கலாம். நாளைக்கு வாங்க."

சண்டைக்கு ஏறினவர் சீடராய் இறங்கினார்.

சில மழைக்காலம் போயிற்று. துறைமுகத்துப் பக்கம் முன்பு பஞ்சுமூட்டை அடுக்கி, இப்போது சும்மா கிடந்த ஒரு கிட்டங்கியில் டீச்சர் தன் படங்களைக் கண்காட்சி வைப்பதாக முடிவாயிற்று.

"உங்க படமும் ஒண்ணு வைக்கணும், அண்ணாச்சி."

அவர் எதையும் எடை போட்டே பழகினவர். தராசில் ஏறாத ஒரு சாமானை முதன்முதலாக ஊர் முன்னால் வைக்கப்போகிறார். தலையை ஆட்டினார். 

துணியில் வரைய அவருக்குக் கை வராது. தகரம் என்றால் வரும். கடைமுற்றத்தின் நடுவே நெடுக ஒரு தகரத்தடுப்பு நின்றது. பீப்பாய்களை வெட்டி நிமிர்த்தி அடித்தது. அப்பா இறந்தபின் அண்ணனும் தம்பியும் முற்றத்தைப் பிரித்துக்கொண்டார்கள். வாசல் யார் பங்கில் வருவது என்பதில் வாய் தடித்து, கை ஓங்கி, கடைசியில் ஆளுக்கொரு வாசலை உடைத்துக்கொண்டு நடுவில் தகரத்தை அடித்தார்கள். அன்றோடு பேச்சு முறிந்தது. நல்லது கெட்டதுக்கும் ஒருவர் வந்தால் மற்றவர் எழுந்து போய்விடுவார்.

அந்தத் தடுப்பில் ஒரு தகரத்தை ஐகோர்ட்துரை தேர்ந்தெடுத்தார். பூவரச மரத்தடியில் இருந்தது அது. கழற்றாமலே, நின்ற நிலையில் தன் பக்கத்தில் வேலையைத் தொடங்கினார். தாரை உருக்கி இழுத்தார். கப்பல் கயிற்றைப் பிரித்து ஒட்டினார். நீலச் சாயத்தை ஊற்றி, அது வழியும்போதே சாக்கால் துடைத்தார். எல்லாம் சொன்னபடி கேட்டது, ஓர் இடத்தைத் தவிர.

நடுவில், உட்கார்ந்த ஆளின் தலை உயரத்தில், தட்டு அளவில் ஒரு வட்டம். அதில் மட்டும் சாயம் ஒட்டவில்லை. காய்ந்ததும் தோல் உரிவதுபோல் உரிந்து விழுந்தது. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தார். சோடாக்காரம் போட்டுத் தேய்த்தார். கெட்ட வார்த்தையும் போட்டுப் பார்த்தார். மசியவில்லை.

டீச்சரைக் கூட்டி வந்து காட்டினார்.

"அந்த இடத்துல யாரு சாஞ்சது?"

"நான்தான். மத்தியானம் ஆனா நாற்காலியைப் போட்டுச் சாஞ்சிருவேன். நம்ம முற்றத்துல அங்க ஒரு இடத்துலதான் நிழலு. தலையில நல்லெண்ணெய் வச்சு வச்சு ஊறிட்டு."

டீச்சர் அந்த வட்டத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு ஓரத்தில் துரு தின்ற ஓட்டை ஒன்றில் கண்ணை வைத்து அந்தப் பக்கம் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"அங்க யாரு இருக்கா?"

"எவனும் இல்ல."

சொன்ன வேகத்தில், மேற்கொண்டு கேட்கக்கூடாது என்பது இருந்தது. டீச்சர் கேட்கவில்லை.

"சாயம் ஒட்டாத இடத்துல என்ன செய்ய, டீச்சர்? பித்தளைத் தட்டு ஒண்ணு கிடக்கு. அதை வச்சு மூடிருவமா?"

"அவசரப்படாதீங்க. கண்காட்சி அன்னைக்குச் சொல்லுதேன்."

கண்காட்சியன்று விடிந்ததும் தகரத்தைக் கழற்றினார். இடைவெளியில் ஒரு தார்ப்பாயைக் கட்டிவிட்டு, படத்தைச் சாக்கில் சுற்றி, லோடு ஆட்டோவில் ஏற்றினார். மறுபக்கத்தை அவர் திருப்பிப் பார்க்கவில்லை. அது லிங்கதுரையின் பக்கம். பார்க்கிற பேச்சே இல்லை.

கிட்டங்கியில் டீச்சரிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போய்க் குளித்து, வெள்ளைச்சட்டை போட்டு, நெற்றி நிறைய நீறு பூசி வந்தார். உள்ளே நுழைந்தவர் நின்றுவிட்டார்.

டீச்சரின் படங்கள் எல்லாம் சுவரில் இருந்தன. அவருடையது சுவரில் இல்லை. கூடத்தின் நடுவே, உத்தரத்திலிருந்து இரண்டு கயிற்றில் தொங்கியது.

கண்ணாடி போட்ட ஒருவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: "காயலான்கடைத் தகரத்தைத் தூக்கி மாட்டிட்டா அது ஓவியமா? எங்க வீட்டுக் குளியலறைக் கதவும் இப்படித்தான் இருக்கு. கொண்டு வந்திருக்கலாம்."

வேறு நாளாக இருந்தால் அந்தக் கண்ணாடி மூக்கில் நின்றிருக்காது. ஐகோர்ட்துரை நேரே டீச்சரிடம் போனார்.

"சுவத்துல ஆணியா இல்ல? இதை எதுக்கு நடுவுல தொங்கவிட்டிருக்கிய? பின்னால அவன் பக்கம்லா தெரியுது."

"ஆமா."

"நான் வரைஞ்சது இந்தப் பக்கம். அந்தப் பக்கத்துல அவன் என்னத்த வரைஞ்சான், நாலு பேருக்குக் காட்ட?"

"நீங்க பாத்தியளா?"

"நான் எதுக்குப் பாக்கணும்? கழட்டுங்க. இல்லன்னா நானே கழட்டிருவேன்."

"உங்க படம். தாராளமா கழட்டுங்க. யாராவது ஒருத்தர் முழுசாப் பாத்த பிறகு கழட்டுனா எனக்கு மனசு ஆறும்."

அவர் முடிச்சில் கையை வைத்துவிட்டார். அந்த நேரத்தில்தான் வாசலில் சத்தம் கேட்டது.

"எங்கலே என் தகரம்?"

லிங்கதுரை வந்துகொண்டிருந்தார். வேட்டியில் மண். முழங்கையில் சிராய்ப்பு. தலைமயிரில் பூவரச இலை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

"வழக்கம்போலப் பின்னால பாக்காம நாற்காலியைப் போட்டுச் சாயுதேன், தார்ப்பாயோட மல்லாக்க அவன் முற்றத்துல கிடக்கேன்! எத்தனை வருசமாச்சு அங்க கால் வச்சு! இன்னைக்கும் கால் வைக்கல, தலை போய் விழுந்திருக்கு! லோடு ஆட்டோக்காரன்ட்ட விசாரிச்சு வாரேன். தடுப்புல பாதி எனக்கு. யாரைக் கேட்டுக் கழட்டுன?"

 கண்ணாடிக்காரர் ஒரு தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டார்.

ஐகோர்ட்துரையின் கை முடிச்சை விட்டது. நாக்கில் பதில் தயாராக இருந்தது. ஒன்றல்ல, வருஷக்கணக்கில் சாணை பிடித்து வைத்தவை. டீச்சரை ஒருமுறை பார்த்தார்.  டீச்சர் கூடத்தில் ஓர் ஓரமாக ஒதுங்கி, லிங்கதுரைக்கு வழி விட்டார். அவ்வளவுதான்.

லிங்கதுரை படத்தை நோக்கி வந்தார். தார் இழுத்த பக்கம் அவருக்குப் புரியவில்லை. அது தன் தகரம் மாதிரியே இல்லை. சுற்றிக்கொண்டு பின்னால் போனார். அந்தப் பக்கம்தான் அவருக்குத் தெரிந்த பக்கம்.

போனவர் அங்கேயே நின்றுவிட்டார்.

தகரத்துக்கு இந்தப் பக்கம் தம்பி. அந்தப் பக்கம் அண்ணன். முற்றத்தில் இருந்ததுபோலவே. ஓரத்து ஓட்டைகளில் ஐகோர்ட்துரைக்கு அண்ணனின் சட்டை தெரிந்தது. பிறகு கை தெரிந்தது. அந்தக் கை மெல்ல உயர்ந்து, தன் பின்னந்தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது.

ஐகோர்ட்துரை ஓர் அடி எடுத்து வைத்தார். இன்னோர் அடி. தகரத்தின் விளிம்பைக் கடந்து அந்தப் பக்கம் போனார்.

தகரம் முழுக்கத் துரு. காறித்துப்பிய வெற்றிலைச் சிவப்பில் மேலிருந்து கீழ்வரை அரித்துக் கிடந்தது. அவர் கையில் வந்திருந்தால் பாதி எடையைக் கழித்திருப்பார். ஆனால் நடுவில், உட்கார்ந்த ஆளின் தலை உயரத்தில், தட்டு அளவில் ஒரு வட்டம். அதில் துரு ஏறவில்லை. எண்ணெய் ஊறின பழைய தகரம், மங்கின வெள்ளியாய் மினுங்கியது.

அவர் திரும்பி முன்பக்கம் வந்து தன் வட்டத்தைப் பார்த்தார். மறுபடி பின்பக்கம் போனார். இரும்போடே வளர்ந்தவருக்கு இதில் இனி ஒருவர் சொல்லித்தர வேண்டியது ஒன்றும் இல்லை. ஒரு விரலை அந்தப் பக்கமும் ஒரு விரலை இந்தப் பக்கமும் வைத்தால், நடுவில் தகரத்தின் கனம் மட்டும்தான்.

அண்ணன் பேசவில்லை. தம்பியும் பேசவில்லை. விலை சொன்னபின் நிற்கிற நிற்பு அது. இருவருக்கும் அந்த விதி தெரியும். இருவரும் அந்த விதியில் பிழைத்தவர்கள்.

ஐகோர்ட்துரை வாயைத் திறந்தார்.

"தினமும் அங்கதான் சாஞ்சியாண்ணே?"

 லிங்கதுரை தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்கதானல நிழலு."

"ஆமா."

"நீ முதல்ல பேசிட்ட."

"ஆமா."

"தோத்துட்டல."

"ஆமாண்ணே."

லிங்கதுரை முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஐகோர்ட்துரை கையை நீட்டி, அண்ணன் தலையில் இருந்த இலையை எடுத்தார். எடுத்ததை எங்கே போடுவது என்று தெரியாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"முழங்கை எரியுதா?"

"எரியத்தான் செய்யும். உன் முற்றத்துல ஒரு குப்பை கூட்டுறது கிடையாதா? ஒரே ஆணியா கிடக்கு."

தூணுக்குப் பின்னால் இருந்த கண்ணாடிக்காரர் இப்போது படத்தின் அருகே வந்து நின்றிருந்தார். முதலில் ஒரு பக்கம் பார்த்தார். பிறகு மறுபக்கம் போனார். இந்தத் தடவை அவர் குளியலறைக் கதவைப் பற்றிப் பேசவில்லை.

ஐகோர்ட்துரை டீச்சரிடம் வந்து, அண்ணன் காதில் விழாமல் கேட்டார்.

"டீச்சர், சாயம் ஒட்டாத இடத்துல என்ன செய்யன்னு கேட்டேன். நீங்க இன்னும் சொல்லல."

டீச்சர் சிரித்தார்.

"சரி, அது கிடக்கட்டும்" என்றார் அவரே. "முற்றத்துல இப்ப வெறும் ஓட்டையா கிடக்கு. அங்க என்னத்த வைக்க? புதுத் தகரம் அடிக்கணுமா, கண்காட்சி முடிஞ்சதும் இதையே கொண்டு போகணுமா?"

"ரெண்டு நாற்காலி கிடக்குல்லா?"

"கிடக்கு."

"அதைப் போடுங்க."

ஐகோர்ட்துரை யோசித்தார். பேரக்காரர் அல்லவா, ஒரு இடத்தில் இழுத்துப் பார்க்காமல் விட மாட்டார்.

"யார் பக்கம் போட, டீச்சர்? என் பக்கமா, அண்ணன் பக்கமா?"

"நிழல் விழுற பக்கம்" என்றார் டீச்சர்.