சௌந்தரவல்லியின் கை நின்ற இடம்

கோயம்புத்தூரில் மூன்று பேக்கரி நடத்துகிற சௌந்தரவல்லிக்கு ஐம்பத்திரண்டு வயதில் ஒரே ஒரு பைத்தியம்தான். கோல்ஃப்.

சென்ற ஆண்டு கடை மாடிப்படியில் வழுக்கி விழுந்தாள். இடது தோள் எலும்பு முறிந்தது. ஆபரேஷன், கட்டு, உடற்பயிற்சி என்று மாதங்கள் ஓடின. மறுபடி மைதானத்துக்கு வந்தபோது தோளில் வலி இல்லை. ஆனால் பந்துதான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. நேராகக் கிளம்பும், பாதி வழியில் மனசு மாறியது போல வலப்பக்கம் வளையும், குளத்தில் போய் விழும்.

ஞாயிற்றுக்கிழமை மகளிர் கோல்ஃப் அணித் தேர்வு. மிச்சமிருப்பது ஓர் இடம். அதற்கு அவளும் கூட ஆடுகிற கல்பகமும் போட்டி.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் விடியாததுமாகப் பயிற்சித் திடலில் போய் நின்றாள். பயிற்சி தருகிற ரெஜினாவுக்கு அவளுடைய மகள் வயது. ஆனாலும் சௌந்தரவல்லி அவளை ‘மாஸ்டர்’ என்றுதான் கூப்பிடுவாள்.

“என்னதாங்க மாஸ்டர் தப்பு? கையை முழுசாத்தானே தூக்கறேன்?”

ரெஜினா ஸ்டாண்டில் ஃபோனை மாட்டினாள்.

“ஒண்ணு அடிங்கக்கா.”

அடித்தாள். பந்து வலப்பக்கம் வளைந்து போனது. ரெஜினா படத்தை மெதுவாக ஓடவிட்டுக் காட்டினாள். திரையில் இருந்த பெண் மட்டையை இடுப்புக்கு மேலே கொண்டுபோனாள். நெஞ்சுயரம்கூடத் தாண்டவில்லை. அங்கேயே நின்று, அவசரமாகக் கீழே இறங்கிவிட்டாள்.

“இது நானில்லீங்க.”

“சட்டை உங்களோடதுதானே?”

“சட்டை என்னுது. மட்டை வீசற அந்த ஸ்விங் என்னுதில்ல. நான் தலைக்கு மேல தூக்கினேன், தெரியுமா?”

“இன்னொண்ணு அடிங்க.”

இந்த முறை வானத்தைத் தொடுகிற மாதிரி தூக்கினாள். அப்படித்தான் அவளுக்குத் தோன்றியது. படத்தில் கை அதே இடத்தில் நின்றது.

“உங்க ஃபோன்ல என்னமோ கோளாறு.”

ரெஜினா கையை நீட்டினாள். சௌந்தரவல்லி தன்னுடைய ஃபோனை எடுத்துக் கொடுத்தாள். இன்னொன்று அடித்தாள். அதில் எடுத்த படத்திலும் அதே பெண், அதே இடம்.

சௌந்தரவல்லி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அந்தச் சின்னப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். கை மேலே போகிறது. நிற்கிறது. கண்ணாடிப் பாத்திரத்தைக் காப்பது போலத் தோளைக் காத்துக்கொள்கிறது.

“டாக்டர் எல்லாம் சரியாயிருச்சுன்னாரு. வலி சுத்தமா இல்லீங்க மாஸ்டர். அப்புறம் யாருங்க என் கையை நிறுத்தறது?”

ரெஜினா அவளை எழுப்பி நிற்கவைத்தாள்.

“கண்ணை மூடிக்கங்க. பந்து வேண்டாம். மட்டையை மெதுவா மேல கொண்டுபோங்க. போதும்னு தோணுற இடத்துல சொல்லுங்க.”

“இங்க. போதும்.”

“இன்னும்.”

“முதுகு திரும்புது மாஸ்டர்.”

“திரும்பட்டும். இன்னும்.”

“அய்யோ, அசிங்கமா இருக்குமுங்க. பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?”

“இன்னும் கொஞ்சம்.”

“விழுந்துருவேன்!”

“அங்கேயே நில்லுங்க.”

கிளிக் என்று ஒரு சத்தம் கேட்டது. சௌந்தரவல்லி கண்ணைத் திறந்து படத்தை எட்டிப் பார்த்தாள். கோணல்மாணலாக ஒருத்தி நிற்பாள் என்று எதிர்பார்த்தாள். படத்தில் இருந்தவள் அழகாக நின்றாள். தோள் முழுசாகத் திரும்பியிருந்தது. மட்டை தலைக்கு மேலே இருந்தது. காலிரண்டும் மண்ணில் ஊன்றியிருந்தன.

“இது…”

“சட்டையைப் பாத்துக்கங்க.”

சௌந்தரவல்லி ஓடிப்போய்ப் பந்தை வைத்தாள். தூக்கினாள். உடம்பெல்லாம் ‘போதும், போதும்’ என்று கத்தியது. விழுந்தால் விழட்டும் என்று இன்னும் திருப்பினாள். அடித்தாள்.

‘டக்’கென்று ஒரு சத்தம். ஒரு வருஷமாக அவள் கேட்காத சத்தம். பந்து தூரத்து மலையைப் பார்த்து நேராக ஏறியது. ஏறிக்கொண்டே இருந்தது. வளையும், வளையும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அது வளையவே இல்லை.

“மாஸ்டர்!” மட்டையைப் போட்டுவிட்டு ரெஜினாவைக் கட்டிப்பிடித்துச் சுற்றினாள். “எடுத்தீங்களா? எடுத்தீங்களா? காட்டுங்க!”

ரெஜினா எடுத்திருந்தாள். அந்தப் படம் அன்றைக்கே கணவனுக்குப் போயிற்று, திருப்பூரில் இருக்கிற தங்கைக்குப் போயிற்று, பேக்கரி குரூப்புக்கும் போயிற்று. மாவு பிசைகிற முருகவேல் ‘சூப்பருங்க அக்கா, இது என்ன விளையாட்டு?’ என்று கேட்டு அனுப்பினான். சனிக்கிழமை முழுக்க அவள் கல்லாவில் உட்கார்ந்து அதையேதான் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிகிறவரை யாரும் ஃபோனைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கடைசிக் குழிக்கு வந்தபோது அவளும் கல்பகமும் சரிக்குச் சரி. வலப்பக்கம் குளம் பளபளவென்று காத்திருந்தது. கல்பகம் நன்றாகவே அடித்துவிட்டு ஒதுங்கினாள்.

சௌந்தரவல்லி அந்தப் படத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். வரவில்லை. மட்டையைத் தூக்கினாள். விழப்போகிற மாதிரி இருந்தது. அப்பாடா, சரியாகத்தான் போகிறது என்று அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அடித்தாள்.

பந்து குளத்தைத் தாண்டிப் பறந்து, கொடிக்குப் பக்கத்தில் குதித்து நின்றது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அடுத்த தட்டிலேயே பந்தைக் குழிக்குள் தள்ளி, கல்பகத்தைவிட ஓர் அடி குறைவில் முடித்தாள். கல்பகமே முதலில் ஓடிவந்து கையைப் பிடித்துக் குலுக்கினாள். அணியில் அந்த ஓர் இடம் சௌந்தரவல்லிக்குக் கிடைத்தது.

திங்கட்கிழமை காலையில் பெரிய டப்பா நிறைய தேங்காய் பன்னோடு திடலுக்கு வந்தாள். ரெஜினா ஒன்றை எடுத்துக் கடிப்பதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

“ஆயுசுல அப்படி ஒரு அடி அடிச்சதில்லீங்க மாஸ்டர்! வெள்ளிக்கிழமை அடிச்சதெல்லாம் அதுக்குக் கிட்டயே வராது. ஆனா அதை ஒருத்தரும் வீடியோ எடுக்கலையே!”

“ஆமாக்கா. எடுக்கலை.”

“எடுத்திருந்தா பாத்துப் பாத்து அப்படியே அடிப்பேன். கை எங்க இருந்துச்சு, இடுப்பு எப்படித் திரும்புச்சு, ஒண்ணுமே ஞாபகமில்ல. இனிமே நான் எதைப் பாத்து அடிக்கிறது?”

ரெஜினா பன்னை டப்பாவிலேயே வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள். குனிந்து, புல்லில் ஒரு பந்தை வைத்தாள்.

“அந்தப் பந்து போயிருச்சுக்கா. இது இன்னும் போகல.”