ஒரே அண்டாவில் வெந்த தலைப்பாகைகள்

கேட்கிற உங்களுக்குக் காது நீளட்டும், சொல்கிற எனக்கு மூச்சு நீளட்டும். அங்கே கொட்டாவி விடுகிறவரே, கொஞ்சம் நிமிர்ந்து உட்காரும்!

வெகு காலத்துக்கு முன்பு குருகாபுரி என்றொரு நாடு. ராஜா கண்ணை மூடினார். அவ்வளவுதான், அண்ணனுக்கும் தம்பிக்கும் அரியணைச் சண்டை. அண்ணன் ஆட்களுக்குச் சிவப்புத் தலைப்பாகை, தம்பி ஆட்களுக்குப் பச்சைத் தலைப்பாகை. நேற்றுவரை ஒரே கிணற்றில் நீர் இறைத்தவர்கள் தெருவுக்குத் தெரு வெட்டிக்கொண்டார்கள். பாழாய்ப்போன சண்டை!

அந்த ஊரில் ஏகவல்லி என்றொரு வைத்தியச்சி. பொல்லாத வாய்க்காரி. அவள் வீட்டில் ஒரு வழக்கம். காயம்பட்டு வருகிறவன் யாரானாலும் கத்தியை வாசலில் போட வேண்டும். தலைப்பாகையை வேப்பிலையும் மஞ்சளும் கொதிக்கிற அண்டாவில் போட வேண்டும். வெந்த துணியைக் கிழித்துத்தான் கட்டுப் போடுவாள். சிவப்பும் பச்சையும் சேர்ந்து வெந்தால் என்ன ஆகும்? எல்லாம் ஒரே சாணி நிறம்!

ஒரு நாள் அண்ணனின் தளபதி மல்லாண்டான் படையோடு வந்து கதவை உதைத்தான். உள்ளே பாய் பாயாகக் காயம்பட்டவர்கள். எல்லார் உடம்பிலும் ஒரே நிறக் கட்டு.

"பச்சைக்காரன் எவனெவன்? காட்டு, உன்னை அரண்மனை வைத்தியச்சி ஆக்குகிறேன்."

"இங்கே வெட்டுப்பட்டவன் இருக்கிறான், எலும்பு முறிந்தவன் இருக்கிறான். பச்சைக்காரன் கிடையாது."

"காட்டாவிட்டால் வீட்டைக் கொளுத்துவேன்!"

"கொளுத்திப் பார். நாளைக்கு உன் குடல் சரிந்தால் எங்கே போவாய்?"

மூன்றாவது முறை அவன் அவளிடம் பேசவில்லை. அவள் கழுத்தில் வாளை வைத்துக்கொண்டு உள்ளே பார்த்துக் கத்தினான்: "நம் ஆட்கள் மட்டும் எழுந்து வெளியே வாருங்கள்! மிச்சப் பேரை வெட்டப்போகிறோம்!"

ஒருவரும் அசையவில்லை.

கால் முறிந்த ஒருவன் மட்டும் பாயில் இருந்தபடியே வாயைத் திறந்தான். யாரென்று நினைக்கிறீர்கள்? தளபதியின் சொந்தத் தங்கை புருஷன்!

"நான் வந்தால் கிடக்கிறவர்கள் செத்துப்போவார்கள், மச்சான். ஜுரத்தில் எனக்குக் கஞ்சி ஊட்டியவன் எந்த நிறமோ, நான் கேட்கவில்லை. வெட்டுவதானால் என்னிலிருந்து ஆரம்பியுங்கள்!"

தளபதிக்கு முகம் செத்துவிட்டது. தங்கைக்கு என்ன பதில் சொல்வான்? திரும்பிப் படையைப் பார்த்தான். அவர்கள் ஒருவர் பின் ஒருவராக வாளை வாசலில் போட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அவன் வாளும் விழுந்தது.

அடேயப்பா, பாயில் கிடந்தவர்கள் போட்ட சந்தோஷக் கூச்சலில் கூரையே அதிர்ந்தது! செய்தி எட்டியதும், ஆயுதத்தோடு அந்த வீட்டுக்குள் யாரும் நுழையக்கூடாதென்று அண்ணன் பறையறைவித்தான். தம்பி சும்மா இருப்பானா? அவனும் அறைவித்தான். சண்டை ஓயும்வரை அங்கே ஓர் உயிரும் வாளால் போகவில்லை.

ஆகவே மக்களே, ஊர் எத்தனை துண்டாகப் பிளந்தாலும், காயத்துக்கு மருந்து போடுகிற கையையும் அந்தக் கை இருக்கிற வீட்டையும் எந்தக் கட்சியும் தொடக்கூடாது.