பின்சீட்டில் அண்ணாச்சி

வியாபாரிகள் சங்கத் தலைவர் கோதண்டபாணி, புது பேட்டரி பைக்கில் மனைவி வடிவோடு மெக்கானிக் இருதயத்தின் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார்.

"ரெண்டு பக்கமும் பெரிய பை மாட்டணும்டா."

"பின்சீட்டு ஃபுட்ரெஸ்ட்டைக் கழட்டணும் அண்ணாச்சி. மதினி காலை எங்க வைப்பாங்க?"

"அவ எப்படியாவது உக்காந்துக்கிடுவா. சொன்னதைச் செய்யி."

இருதயம் கழட்டினான், பைகளை மாட்டினான். "கனமான ஆளு பின்னாடி உக்காந்தாத்தான் பை டயர்ல உரசுதான்னு தெரியும். நீங்க ஏறுங்க. மதினி ஓட்டட்டும்."

ஸ்கூட்டர் ஓட்டிப் பழகிய வடிவு கிளப்பினாள். தெருமுனை வருவதற்குள் தலைவர் இரண்டு காலையும் அந்தரத்தில் விரித்துக்கொண்டு, "நிறுத்துடீ!" என்று அலறினார். டீக்கடையே எழுந்து நின்று பார்த்தது.

வடிவு தலையை மட்டும் திருப்பினாள். "எப்படியாவது உக்காந்துக்கிடுங்க."

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வண்டி நின்றதும் இறங்கி ஒர்க்‌ஷாப்புக்கு நடந்தே வந்து, தரையில் கிடந்த ஃபுட்ரெஸ்ட்டை எடுத்து, தன் வெள்ளை வேட்டியிலேயே துடைத்து இருதயத்திடம் நீட்டினார்.