என் குதிரை எங்கே

திருச்சிக் கண்டோன்மென்டுக்குப் பக்கத்தில் கோதண்ட ராஜுவின் சித்திரப் பட்டறை இருந்தது. அவரிடம் தொழில் கற்ற அப்பாவு ஆசாரி அவரைவிட மூத்தவர். பல்லக்குக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்துவிட்டு, தலை நரைத்த பிறகு சித்திரம் படிக்க வந்தவர். அதனால் சீடர் குருவை ஐயா என்பார், குரு சீடரை அண்ணே என்பார். கேட்டவர்கள் சிரித்தார்கள். இவர்கள் இருவரும் அதை லட்சியம் செய்யவில்லை.

குதிரைப்படைத் தலைவர் லாங்டன் துரை தன் படம் வேண்டுமென்று சொல்லியனுப்பினார். சீமையில் அவர் பிரபு குடும்பம். மாளிகைச் சுவரில் அப்பன், பாட்டன், முப்பாட்டன் எல்லாரும் ஆளுக்கொரு குதிரையோடு தொங்குகிறார்களாம். இவருக்கும் ஓர் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறதாம். மாசியில் கப்பல் ஏறுகிறார், அதற்குள் படம் வேண்டும்.

"நீங்களே எழுதுங்க அண்ணே," என்றார் ராஜு. "துரை வாங்கிக்கிட்டார்னா நீங்க தனியாப் பட்டறை போட்டுக்கலாம்."

அப்பாவு ஆசாரிக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை. சாவதற்குள் தன் பெயரில் ஒரு பட்டறை என்பதுதான் அவருடைய ஒரே ஆசை.

முதல் படத்தை அவர் தமக்குத் தெரிந்த முறையில் எழுதினார். சாமி பெரிது, வாகனம் சிறிது. பிள்ளையாருக்கு மூஞ்சூறு எவ்வளவோ துரைக்குக் குதிரை அவ்வளவு. பதக்கங்களுக்கெல்லாம் தங்க ரேக்கு ஒட்டினார்.

துரை படத்தைப் பார்த்தார். துபாஷி தமிழில் சொன்னான்: "என் குதிரை எங்கேன்னு கேக்கறார்."

அப்பாவு படத்தில் துரையின் முழங்காலுக்குக் கீழே விரலை வைத்துக் காட்டினார். படம் திரும்பி வந்தது.

இரண்டாவது படத்துக்குக் குதிரையை நேரில் பார்த்தே அளவெடுத்தார். கிழட்டுச் செவலை. அதன் வலக்கண்ணில் பூ விழுந்திருந்தது. ஊனமான உருவம் எழுதலாகாது என்பது பட்டறையில் முதல் நாள் பாடம். ஆகவே இரண்டு கண்ணையும் பளிச்சென்று திறந்து, முன்னங்காலைத் தூக்கி, திருவிழா வாகனம்போல் நிறுத்தினார். துரை அதன்மேல் கம்பீரமாக உட்கார்ந்திருந்தார்.

துரை மறுபடியும் அதையே கேட்டார். என் குதிரை எங்கே?

ஆசாரிக்குக் கோபம் வந்துவிட்டது. பட்டறைக்கு வந்து தூரிகையைக் கீழே வைத்தார்.

"ஐயா, யானை மாதிரி ஒரு குதிரையை எழுதிக் குடுத்தேன். அப்பவும் எங்கேங்கறாரே. அந்த மனுசனுக்கு என்னதான் வேணும்?"

மறுநாள் விடிந்ததும் ராஜு அவரை லாயத்துக்குக் கூட்டிப்போனார். ஒரு கை ஊறவைத்த கொள்ளை அவரிடம் கொடுத்து, வலப்பக்கமாகப் போய்க் குதிரைக்குக் கொடுக்கச் சொன்னார்.

அப்பாவு போனார். கை முகத்தருகே வரும்வரை குதிரைக்கு ஆள் தெரியவில்லை. மிரண்டு பின்வாங்கியதில் கொள் முழுக்கத் தரையில் சிதறியது.

"இப்ப இடப்பக்கமாப் போங்க."

குதிரை தின்றது.

அந்த நேரத்தில் துரை வந்தார். பதக்கமில்லை, கோட்டில்லை, சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார். வாசலிலிருந்து குதிரையின் வலப்பக்கம்தான் கிட்டம். அவர் லாயத்தை முழுக்கச் சுற்றிக்கொண்டு இடப்பக்கமாக வந்தார். வெல்லத்தை உள்ளங்கையில் வைத்து அதன் தாடைக்குக் கீழே நீட்டினார். ஏதோ பேசிக்கொண்டே நின்றார்.

துரை தினமும் இப்படித்தான் சுற்றி வருவாராம், கிழக் குதிரை கப்பல் பயணம் தாங்காதாம், அது இங்கேயே இருந்துவிடும் என்று குதிரைக்காரன் சொன்னான்.

அப்பாவு பட்டறைக்குத் திரும்பி வந்து பலகையை எடுத்தார். இடப்பக்கத்திலிருந்து எழுதினால் பூ விழுந்த கண் மறைந்துவிடும். பாடமும் மீறாது, பட்டறையும் கிடைக்கும். கோடு போட்டுப் பார்த்தார், நன்றாகத்தான் வந்தது. ஆனால் எதற்காக ஒரு மனுஷன் தினமும் அத்தனை தூரம் சுற்றி வருகிறார் என்பது அதில் இல்லை. பட்டறை போனால் போகட்டும் என்று கோட்டை அழித்தார்.

வலப்பக்கத்திலிருந்து எழுதினார். பலகை முழுக்கச் செவலை. அதற்கு அந்தப் பக்கம் துரை. கழுத்துக்கு மேலே பாதி முகமும் தாடைக்குக் கீழே ஒரு கையும்தான் தெரிந்தன. பதக்கம் ஒன்றுகூட இல்லை. எந்தப் படத்திலும் கண்ணைக் கடைசியில்தான் திறப்பது வழக்கம். வழக்கமாக அங்கே கறுப்பு வைக்கிறவர், இந்த முறை வெள்ளையைத் தொட்டு வைத்தார்.

துரை படத்தின் முன்னால் நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். துபாஷி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான், அவனுக்கு வேலை வரவில்லை. கடைசியில் துரை ஒரே ஒரு சொல் சொன்னார். அது அந்தக் குதிரையின் பெயர் என்று துபாஷி பிறகு சொன்னான்.

படத்தைக் கப்பலுக்குக் கட்டித் தருமாறு உத்தரவாயிற்று. சாயங்காலம் குருவும் சீடரும் பட்டறையில் அதற்குத் துணி சுற்ற உட்கார்ந்தார்கள். ராஜு சந்தோஷமாக வெற்றிலை போட்டுக்கொண்டார். புதுப் பட்டறைக்குக் கிழக்குப் பார்த்த இடமாகப் பாருங்கள் என்றார்.

ஆசாரிக்கு மட்டும் மனசில் ஒரு முள்.

"ஐயா, ஊனத்தை எழுதக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க. நான் எழுதிட்டேனே."

ராஜு பாதி சுற்றிய துணியை விலக்கினார். விளக்கைப் படத்துக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தார்.

"எங்கே இருக்குன்னு காட்டுங்க அண்ணே."

அப்பாவு படத்தருகே விரலை நீட்டினார், வைக்க ஓர் இடம் கிடைக்கவில்லை. பிறகு துணியைச் சுற்றத் தொடங்கினார்.